நெருப்பில்லாமலும் புகையும்



ஊரில் ஒருவரைப் பொலிசார் பிடித்துக்கொண்டு போனால், அன்று மாலையே சந்தியிலும் கிணற்றடியிலும் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடும். "நெருப்பில்லாமல் புகையுமோ?" என்பதே அத்தீர்ப்பு. பின்னர் நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியெனக் கண்டுவிட்டால் பேச்சுக்கு இடமேயில்லை. அவருடைய மனைவி பூசைக்கு வந்தால், பக்கத்தில் முழந்தாளிடவும் சிலர் தயங்குவர். இந்தப் பழமொழியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இவ்வாரம் நாம் படிக்க எடுத்துக்கொண்ட பொருள்.

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமை, தானியேல் ஆகமத்தின் 13ஆம் அதிகாரத்திலிருந்து சூசன்னாவின் வரலாறு திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. இரண்டு முதியவர்கள் அப்பெண்மீது பொய்ப்பழி சுமத்துகிறார்கள். கொலைக்களத்துக்கு அவளைக் கொண்டுபோகும் வழியில் தானியேல் என்ற வாலிபன், இந்த இரத்தத்தில் தனக்குப் பங்கில்லை என்று கூவி, சபையை நீதிமன்றத்துக்குத் திருப்பி அழைக்கிறான். முதியவர்களைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் கீழ் கண்டீர்கள் என்று கேட்கிறான். ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறொரு மரத்தையும் சொல்ல, பொய் வெளிப்படுகிறது. இது எல்லோரும் அறிந்த கதை. ஆயினும் வாசிக்கும்போது நாம் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. தானியேல் வாய் திறந்தது தீர்ப்புக்கு முன்னர் அன்று, தீர்ப்புக்குப் பின்னர். சபை முறைப்படி கூடியிருந்தது. மோயீசனின் சட்டம் கேட்ட சாட்சிகளின் எண்ணிக்கையும் சரியாகவே இருந்தது. சாட்சி சொன்னவர்கள் அவ்வாண்டின் நீதிபதிகள். ஒன்றிலும் குறையில்லை, தீர்ப்பு மட்டுமே பிழை.

அண்மைக் காலத்தில் இதேபோன்று, ஒன்றிலும் குறையில்லாதது போன்ற ஒரு விசாரணை இங்கிலாந்திலே நடந்தது. எமது நாட்டுக்கு நீதிமன்றமும் சட்டத்தரணியின் கறுப்பு அங்கியும் வந்தது அந்நாட்டிலிருந்துதான். ஆகையால் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

1974ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி இரவு, பேர்மிங்காம் நகரில் இரண்டு மதுச்சாலைகளில் குண்டுகள் வெடித்தன. 21 பேர் மாண்டனர். 182 பேர் காயமுற்றனர். மாண்டவர்களிற் பலர் இளவயதினர். அவர்களுள் இருவர், ஐரிஷ் குடும்பமொன்றின் பிள்ளைகளான சகோதரர்கள். அயர்லாந்தின் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. இதைச் செய்ததென்று நாடு முழுவதும் கொதித்தது. அக்கோபம் நியாயமானது. அதே இரவு, ஹெய்ஷாம் துறைமுகத்தில் பெல்பாஸ்ற் கப்பலேறப் போன ஐந்து ஐரிஷ் தொழிலாளர் மறிக்கப்பட்டனர். பேர்மிங்காமில் நெடுங்காலம் வசித்த கத்தோலிக்கர்கள் அவர்கள். தாமே கொண்டுசென்ற குண்டு வெடித்து இறந்த ஒரு ஐ.ஆர்.ஏ. உறுப்பினரின் மரணச் சடங்குக்கு அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சிறுபிராயம் முதல் அறிந்த அயலவனின் சாவீட்டுக்குப் போகாமல் விடுவது எங்கள் ஊரில் மட்டுமா வழக்கமில்லை? ஆனால் பொலிசாருக்கு அது போதுமானதாயிருந்தது. அவர்களைப் புகையிரத நிலையத்தில் வழியனுப்பிய ஆறாவது மனிதரும் மறுநாள் பிடிபட்டார்.

மூன்று நாட்களுக்குள் அறுவரில் நால்வர், குண்டு வைத்ததாகக் கூறும் வாக்குமூலங்களில் ஒப்பமிட்டிருந்தார்கள். அடியாலும் பயமுறுத்தலாலும் நித்திரை மறிப்பாலும் பெறப்பட்டவை அவை என்று அறுவரும் சொன்னார்கள். அந்த வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. யார் எந்தக் குண்டை எங்கே வைத்தார் என்பதிலும், குண்டு எதிற் சுற்றப்பட்டிருந்தது என்பதிலும் அவை ஒத்துவரவில்லை. சூசன்னாவின் இரண்டு மரங்களை விடவும் இது தெளிவான முரண்பாடு. இருந்தும் அவை சாட்சியமாக ஏற்கப்பட்டன. இத்துடன் விஞ்ஞானமும் சேர்ந்துகொண்டது. இருவருடைய கைகளில் வெடிமருந்தின் தடயம் இருப்பதாகத் தமக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதம் நிச்சயம் என்றார் அரசாங்கப் பரிசோதகர். லங்காஸ்ரர் நகரில் நடந்த விளக்கத்தின் முடிவில், 1975 ஓகஸ்ட் 15ஆம் திகதி, அறுவருக்கும் ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் கொலைக்குத் தூக்குத்தண்டனை 1965இல் நிறுத்தப்படாதிருந்தால் இக்கதை இந்த வரியோடு முடிந்திருக்கும்.

இனி வருவதுதான் எமது பாடத்தின் மையம். குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட ஒருவனுக்காக யார் பேசுவார்? அக்காலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் வாய்திறக்கவே அஞ்சினார்கள். குண்டு வெடித்து எட்டே நாட்களில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருந்தது. அதன்கீழ் ஒருவரை ஏழு நாட்கள் வரை குற்றஞ்சாட்டாமலே தடுத்து வைக்கலாம். "அவர்களுக்காகப் பேசுகிறவனும் அவர்களுடைய ஆள்தான்" என்ற சொல் எங்கும் உலாவிற்று. இச்சொல்லின் பாரம் எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலிற் பேசியவர்களுள் இருவர் வட அயர்லாந்தின் குருவானவர்கள். டெனிஸ் போல் அடிகளார் ஒரு பாடசாலை ஆசிரியர். ரேமண்ட் மறே அடிகளார் ஆர்மா மறியற்சாலையின் ஆன்ம குரு. இருவரும் சேர்ந்து, இந்த அறுவரும் நிரபராதிகள் என்று எடுத்துக்காட்டும் சிறுநூலொன்றை 1970களிலேயே வெளியிட்டார்கள். இங்கே ஒன்றைக் குறிப்பிடவேண்டும். ஐ.ஆர்.ஏ. செய்த கொலைகளையும் போல் அடிகளார் அதே கடுமையுடன் கண்டித்து வந்தவர். அதனால் அவர் இரு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்கினார். கொலையைக் கண்டிப்பதும், கொலை செய்யாதவனைக் காப்பதும் இரண்டு வேலைகளல்ல. உண்மையான குற்றவாளி வெளியே திரிய, வேறொருவன் உள்ளே கிடப்பானாயின், இறந்தவர்களுக்கும் அங்கே நீதி கிடைக்கவில்லை.

நீதிமன்றங்கள் செவிசாய்த்தனவா? தம்மை அடித்த பொலிசார்மீது அறுவரும் நட்டஈட்டு வழக்கொன்று தொடுத்தார்கள். 1980 ஜனவரியில் அதைத் தள்ளுபடி செய்த டெனிங் பிரபு கூறிய காரணம் இன்றும் சட்டக் கல்லூரிகளிற் பேசப்படுகிறது. இவர்கள் வென்றால், பொலிசார் அடித்தார்கள், பொய்ச்சத்தியம் செய்தார்கள், தீர்ப்புகள் பிழையானவை என்றெல்லாம் ஆகிவிடும். அது நினைக்கவும் பயங்கரமான காட்சி. ஆகவே வழக்கு மேலே செல்லலாகாது என்பதே அவருடைய நியாயத்தின் சாரம். அவர் சாதாரண மனிதரல்லர். ஏழை எளியவர்களுக்குச் சாதகமான பல தீர்ப்புகளை எழுதிய மகா மேதை. ஆனாலும் ஒரு முறைமையின் நற்பெயரை அறுவரின் உயிரிலும் பெரிதாக அவர் மதித்துவிட்டார். மக்கள் அனைவருக்காகவும் ஒரு மனிதன் சாவது நல்லது என்ற கைப்பாஸின் ஆலோசனையும் இதே வகையானதே. நல்லவர்களும் அதைச் சொல்லக்கூடும் என்பதுதான் கவலைக்குரியது.

பின்னர் 1985இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அந்தக் கைப்பரிசோதனையை மீண்டும் செய்து பார்த்தது. வெடிமருந்தோடு எவ்விதத் தொடர்புமில்லாத பொருட்களும் அதே நிறத்தைக் காட்டின. விளையாடும் 'காட்ஸ்' தாள்களின் பூச்சு அவற்றுள் ஒன்று. அந்த ஐவரும் புகையிரதத்தில் காட்ஸ் விளையாடிக்கொண்டே பிரயாணம் செய்தவர்கள். கிறிஸ் மலின் என்ற பத்திரிகையாளர் ஆண்டுக்கணக்காக அலைந்து, உண்மையில் குண்டு வைத்தவர்களிடமே பேசி, 1986இல் ஒரு நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் பாராளுமன்ற உறுப்பினருமானார். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மீண்டும் அனுப்பப்பட்டது. 1988 ஜனவரியில் மூன்று நீதியரசர்கள், விசாரணை நீள நீள யூரிமாரின் தீர்ப்பு சரியானதென்றே தமக்கு உறுதியாகிறது என்று கூறி அதை நிராகரித்தார்கள்.

இவ்விடத்தில் பலரும் கைவிட்டிருப்பார்கள். கைவிடாதவர்களைப் பற்றிப் பேசும்போது, இதே காலத்து இன்னொரு வழக்கையும் சொல்லவேண்டியுள்ளது. 1974 ஒக்டோபரில் கில்ட்போட் நகரில் வெடித்த குண்டுகளுக்காக நான்கு இளைஞர்கள் சிறையிடப்பட்டார்கள். அவர்களுள் ஒருத்தி, பிடிபடும்போது 17 வயதுப் பெண். அவர்களுக்கு எதிராக இருந்த சாட்சியம் பொலிசில் எழுதப்பட்ட வாக்குமூலங்களே. அவர்களில் ஒருவரான ஜெரி கொன்லனின் தகப்பனார் யூசெப்பே கொன்லன் நெஞ்சு நோயாளி. மகனுக்குச் சட்டத்தரணி பிடிப்பதற்காகப் பெல்பாஸ்றிலிருந்து லண்டன் வந்தார். வந்த அன்றிரவே, உறவினரான மகுவையர் குடும்பத்தின் வீட்டில் வைத்து அவரையும் பிடித்தார்கள். அந்த வீட்டுத் தாய், தகப்பன், இரு ஆண்பிள்ளைகள் உட்பட எழுவருக்கு, கையில் வெடிமருந்துத் தடயம் இருந்ததாக 1976இல் தண்டனை. இளைய மகன் பிடிபடும்போது 13 வயதுச் சிறுவன்.

யூசெப்பே கொன்லன் 1980 ஜனவரியில் கைதியாகவே இறந்தார். அதற்குமுன் அவரைச் சிறையிற் சென்று கண்டவர் வெஸ்ற்மின்ஸ்ரர் கர்தினால் பசில் ஹியூம் ஆண்டகை. அந்நோயாளியின் பேச்சில் கர்தினாலுக்கு நம்பிக்கை பிறந்தது. உள்நாட்டமைச்சருக்கு எழுதினார், பயனில்லை. ஆனால் அவர் அத்துடன் விடவில்லை. 1987இல், ஓய்வுபெற்ற பெரும் நீதியரசர்கள் இருவரையும், முன்னாள் உள்நாட்டமைச்சர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அமைச்சரிடம் போனார். அந்த அமைச்சர்களில் ஒருவரான ரோய் ஜென்கின்ஸ், 1974ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே. கர்தினால் கூட்டங்களில் முழங்கியவரல்லர். ஆதாரங்களை ஒன்றொன்றாய் எடுத்துவைத்துக் கேட்டவர்.

கர்தினாலைப் பத்திரிகைகள் அறியும். சாரா கிளாக் என்ற கன்னியாஸ்திரியை அறிந்தவர்கள் குறைவு. லண்டனில் படிப்பித்துக்கொண்டிருந்த ஐரிஷ் சகோதரி அவர். கைதிகளைப் பார்க்க அயர்லாந்திலிருந்து வரும் தாய்மாரையும் மனைவிமாரையும் அவர் நிலையத்தில் சந்திப்பார். இரவு தங்க இடம் ஒழுங்கு செய்வார், சட்டத்தரணிகளுக்குத் தொலைபேசி எடுப்பார், கைதிகளுக்குக் கடிதம் எழுதுவார். இந்த வழக்குகளின் வாக்குமூலங்களைப் பற்றிப் பெரியவர்கள் யாரும் கேட்காத காலத்தில், ஒவ்வொருவருக்கும் எழுதி எழுதிக் கேட்கவைத்தார். அதிகாரிகள் அவரைச் சந்தேகக் கண்ணோடு நோக்கிப் பல ஆண்டுகள் சிறைக்குள் விடாமலே மறித்தார்கள். 2002இல் அவர் காலமானார். என் அபிப்பிராயத்தில் இவ்வழக்குகளின் தானியேல் இந்தச் சகோதரியே.

கடைசியில் கதவைத் திறந்தது காகிதம். கில்ட்போட் வழக்கில், விசாரணையின்போதே எழுதியதாகப் பொலிசார் சத்தியஞ்செய்த குறிப்புகளுக்கு முன்னோடியாக, திருத்தங்களோடு கூடிய தட்டச்சுப் பிரதியொன்று பொலிஸ் கோவையில் அகப்பட்டது. 1989 ஒக்டோபர் 19ஆம் திகதி நால்வரின் தீர்ப்புகளும் நீக்கப்பட்டன. பேர்மிங்காம் வழக்கிலும், எழுதும்போது அடித்தாளிற் பதியும் அழுத்தத்தைக் காட்டும் கருவியினால் குறிப்புகள் ஆராயப்பட்டன. அவை சொன்ன நேரத்தில், சொன்ன ஒழுங்கில் எழுதப்பட்டவையல்ல என்று தெரிந்தது. 1991 மார்ச் 14ஆம் திகதி அந்த அறுவரும் விடுதலையானார்கள். உள்ளே போய் 16 ஆண்டுகள் கடந்திருந்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் மகுவையர் குடும்பத்தின் தீர்ப்பும் நீக்கப்பட்டது. யூசெப்பே கொன்லனின் பெயர், அவர் இறந்து பதினொரு ஆண்டுகளின் பின் சுத்தமாயிற்று. 2005இல் பிரதமர் டோனி பிளேயர் கொன்லன், மகுவையர் குடும்பங்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பொய்க் குறிப்பு எழுதியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பொலிசாரில் ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை. பேர்மிங்காமில் மாண்ட 21 பேருக்காக வேறெவரும் குற்றவாளியாகக் காணப்படவுமில்லை. அந்தக் குடும்பங்களின் துக்கத்தை மறந்து இக்கதையை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வது தகாது.

வெளியே வந்தவர்களின் நிலையையும் சிறிது எண்ணிப்பாருங்கள். உண்மைக் குற்றவாளியொருவன் தண்டனை முடியும்போது வீட்டுக்கும் தொழிலுக்கும் அவனை ஆயத்தப்படுத்த அங்கே உத்தியோகத்தர் உண்டு. நிரபராதியோ நீதிமன்ற வாசலில், உடுத்த உடுப்போடு தெருவில் விடப்படுகிறான். பிள்ளைகள் வளர்ந்து அந்நியராயிருப்பார்கள். அறுவரில் ஒருவரான பற்றிக் ஹில், தம்மைப்போன்ற மற்றவர்களுக்கு உதவ 2001இல் ஸ்கொட்லாந்தில் ஒரு சங்கத்தை நிறுவினார். 2024 டிசம்பரில் இறக்கும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை.

இவ்வழக்குகளால் நீதிமுறையிலும் மாற்றம் வந்தது. அறுவரும் விடுதலையான அதே நாளில் அரச ஆணைக்குழுவொன்று அறிவிக்கப்பட்டது. அதன் 1993ஆம் ஆண்டு அறிக்கையின் பயனாக, பிழையான தீர்ப்புகளை மீளாய்வதற்கென அமைச்சரைச் சாராத ஆணைக்குழுவொன்று 1997இல் வேலை தொடங்கிற்று. இதுவரை 800க்கு மேற்பட்ட வழக்குகளை அது மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியுள்ளது. பொலிஸ் விசாரணைகளை ஒலிப்பதிவு செய்யும் முறை அதற்கு முன்னரே, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்துவிட்டது.

ஆனால் ஆணைக்குழு ஒன்று அமைந்ததும் நிம்மதியாய் நித்திரை கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். அன்ட்ரூ மல்கின்சன் என்பவர் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காக 2004இல் தண்டிக்கப்பட்டார். ஆறரை ஆண்டுகளோடு விடுதலை கேட்டிருக்கலாம். ஆனால் "நான் செய்தேன்" என்று அவர் ஒப்புக்கொள்ள மறுத்தார். ஆகையால் 17 ஆண்டுகள் உள்ளே இருந்தார். இன்னொருவருடைய மரபணு பொருட்களில் இருப்பது 2007 முதலே அதிகாரிகளுக்குத் தெரியும். மேற்சொன்ன ஆணைக்குழுவே அவருடைய விண்ணப்பத்தை இருமுறை தள்ளிற்று. தொண்டு நிறுவனமொன்று புதிய பரிசோதனை செய்வித்த பின்னரே 2023 ஜூலையில் தீர்ப்பு நீக்கப்பட்டது. ஒரு பொய்யைச் சொன்னால் கதவு திறக்கும், சொல்லாவிட்டால் திறக்காது என்ற நிலையில் அம்மனிதர் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். மனச்சாட்சியைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் எதைப் படிப்பித்தாலும் இந்த உதாரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று தள்ளமுடியாதபடி ஒரு நேர்த் தொடர்பு எமக்குண்டு. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை வழக்கில் நிரூபிக்கக்கூடாது என்கிறது. கட்டிலிருப்பவனின் வாய்ச்சொல்லை அவனைக் கட்டி வைத்தவனே எழுதினால் என்ன நேரும் என்பதை அறிந்த பழைய ஞானம் அது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ இதை மாற்றிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்டவரிடம் அளித்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்றால், அதை எண்பிக்கும் பாரத்தையும் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதே சுமத்திற்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் இப்பிரிவை நீக்கவில்லை. 1993இல் பிடிபட்டு, தமிழ் மட்டுமே அறிந்த இளைஞர் ஒருவரின் ஒப்புதலைப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரே மொழிபெயர்க்க, அது சிங்களத்தில் எழுதப்பட்டது. அதையே கொண்டு 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் இவ்விசாரணை நியாயமானதன்று என்று கண்டது. உயர் நீதிமன்றம் 2006இல் அந்த முடிவுக்கு இங்கே வலுவில்லையென்று கூறிவிட்டது.

ஆகவே உங்கள் அயலில் ஒருவர் பிடிபட்டால் என்ன செய்யலாம்? அவர் குற்றமற்றவரா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையன்று. "புகை" பேசாதிருப்பதே முதலுதவி. பிறகு ஒரு அப்பியாசக் கொப்பி எடுங்கள். பிடித்த திகதி, நேரம், இடம், வந்தவர்களின் பெயர், வாகன இலக்கம், கண்டவர்கள் யார் என்பவற்றை அன்றே எழுதிவையுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு மனிதனை விடுவிப்பது பெரும்பாலும் அன்றெழுதிய இத்தகைய ஒரு தாள்தான். மேலே கண்டது போல, மற்றப் பக்கமும் எழுதிக்கொண்டுதான் இருக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானால், 1996ஆம் ஆண்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் 48 மணித்தியாலத்துக்குள் அவ்வாணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது. அவர்கள் அறிவித்தார்களா என்று நீங்களே கேளுங்கள். காயம் இருந்தால், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி நீதவானைக் கேட்கச் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். காயம் ஆறினால் சாட்சியும் ஆறிப்போம். அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இதை அறியாமல் காலம் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகளை நாடலாம்.

தண்டனை பெற்றுவிட்டவர்களுக்கு வேண்டியது வேறு. தூரத்துச் சிறைக்குப் போய்வர ஒரு தாய்க்கு பஸ் செலவு வேண்டும், ஒரு இரவு தங்க இடம் வேண்டும், சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். வழக்குத் தவணைகளில் நீதிமன்ற வாங்கில் அவரோடு கூட இருக்கவும் ஒருவர் வேண்டும். இவற்றுள் எதையேனும் செய்யக்கூடியவர்கள் தங்கள் பெயரைப் பங்குக் குருவானவரிடம் கொடுத்து வைக்கலாம்.